1899 கிளீவ்லாந்து ஸ்பைடர்ஸ்: 134 தோல்விகள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அமெரிக்கத் தொழில்முறை பேஸ்பாலின் முதல்தர லீக்குகளில், ஒரே சீசனில் அதிக ஆட்டங்கள் தோற்ற அணி 1899ஆம் ஆண்டின் கிளீவ்லாந்து ஸ்பைடர்ஸ். 154 ஆட்டங்கள், 20 வெற்றி, 134 தோல்வி. இந்த அணியைப் பற்றி எழுதுபவர்கள் பெரும்பாலும் அந்த 134ஐச் சொல்லிச் சிரித்துவிட்டுப் போய்விடுகிறார்கள். எனக்கு அதைவிட முக்கியமாகப் படும் எண் 112. அந்த அணி வெளியூரில் ஆடிய ஆட்டங்களின் எண்ணிக்கை அது. அந்த 112 எப்படி வந்தது என்று புரிந்தால் மற்றதெல்லாம் புரிந்துவிடும்.

எனக்குக் கிரிக்கெட்தான் தெரியும். 20 வெற்றி, 134 தோல்வி என்பது உண்மையிலேயே அவ்வளவு மோசமா?

ஆமாம், நினைப்பதைவிட மோசம். பேஸ்பாலில் சீசன் மிக நீளமானது. ஏப்ரலில் தொடங்கி அக்டோபர் வரை கிட்டத்தட்ட தினமும் ஆட்டம் இருக்கும். ஒரு ஆட்டத்தில் ஒன்பது இன்னிங்ஸ். பந்து ஓர் அங்குலம் தள்ளிப் போனால் முடிவே மாறிவிடும். அதனால் சாம்பியன் அணிகூட மூன்றில் ஒரு பங்கு ஆட்டங்களைத் தோற்கும்; கடைசி இடத்து அணியும் மூன்றில் ஒரு பங்கையாவது எப்படியோ ஜெயித்துவிடும். எவ்வளவு பலவீனமான அணிக்கும் அதிர்ஷ்டம் அவ்வப்போது கை கொடுக்கும் விளையாட்டு அது.

ஸ்பைடர்ஸ் ஜெயித்தது நூற்றுக்குப் பதின்மூன்று. ஸ்பைடர்ஸ் ஆடிய நேஷனல் லீக்கில் அந்த ஆண்டு பன்னிரண்டு அணிகள். முதலிடம் பிடித்த புரூக்ளின் 101 ஆட்டங்கள் ஜெயித்தது. பதினோராம் இடத்தில் இருந்த வாஷிங்டனே 54 ஜெயித்தது. கடைசிக்கு முந்தைய அணிக்கும் ஸ்பைடர்ஸுக்கும் நடுவில் மட்டும் 34 வெற்றிகள் இடைவெளி. ரன் கணக்கு இன்னும் தெளிவு: எடுத்தது 529, கொடுத்தது 1,252. சராசரியாக ஒரு ஆட்டத்துக்கு மூன்றரை ரன் எடுத்து, எட்டு ரன்னுக்கு மேல் கொடுத்திருக்கிறார்கள். எதிரணி பத்து ரன்னோ அதற்கு மேலோ எடுத்த ஆட்டங்கள் மட்டும் 49.

அப்படியானால் அது ஆரம்பத்திலிருந்தே உருப்படாத அணிதானா?

இல்லவே இல்லை. ஓகையோ மாநிலத்தின் கிளீவ்லாந்து நகரம் இந்த அணியை நேசித்ததற்குக் காரணம் இருந்தது. 1889இல் நேஷனல் லீக்கில் சேர்ந்த அணி இது. ஆட்டக்காரர்கள் பலர் ஒல்லியாக, நீண்ட கைகால்களோடு இருந்ததால் 'ஸ்பைடர்ஸ்', அதாவது சிலந்திகள், என்ற பெயர் ஒட்டிக்கொண்டது.

1890இல் சை யங் என்ற பண்ணை வீட்டுப் பையன் பந்து வீச வந்தார். ஓய்வு பெறும்போது அவர் கணக்கில் 511 வெற்றிகள் இருந்தன. இன்றுவரை யாரும் அருகில்கூட வராத எண். இப்போது ஒவ்வோர் ஆண்டும் சிறந்த பிட்சர்களுக்கு, அதாவது பந்துவீச்சாளர்களுக்கு, கொடுக்கும் விருதுக்கே அவர் பெயர்தான். ஜெஸ்ஸி பர்கெட் என்ற பேட்டர் 1895, 1896 இரண்டு ஆண்டும் .400க்கு மேல் சராசரி வைத்திருந்தார். பத்து முறை அடிக்க நின்றால் நான்கு முறைக்கு மேல் வெற்றிகரமாக அடித்தார் என்று இதற்குப் பொருள்; இன்று .300 எடுத்தாலே நட்சத்திரம். பாபி வாலஸ் இருந்தார். மூவருமே பின்னாளில் பேஸ்பாலின் புகழ் மண்டபமான ஹால் ஆஃப் ஃபேமில் இடம் பெற்றார்கள்.

1895இல் அந்தக் காலத்தின் பெரிய கோப்பையான டெம்பிள் கப்பை, பால்டிமோர் ஓரியோல்ஸை 4-1 என்று வென்று எடுத்தார்கள். 1898இல்கூட 81 ஆட்டங்கள் ஜெயித்து ஐந்தாம் இடம். அதே அணி அடுத்த ஆண்டு 20தான் ஜெயித்தது.

நல்ல அணி ஒரே குளிர்காலத்தில் எப்படிக் காலியானது?

முதலாளிகள் காலி செய்தார்கள். ஃபிராங்க் ராபிசன், ஸ்டான்லி ராபிசன் என்ற சகோதரர்கள் அணியின் சொந்தக்காரர்கள். கிளீவ்லாந்தில் டிராம் வண்டித் தொழில் நடத்தியவர்கள். 1891இல் லீக் பார்க் மைதானத்தைக் கட்டியபோது தங்கள் டிராம் தடங்கள் வாசலிலேயே போகிற மாதிரி இடம் பார்த்துத்தான் கட்டினார்கள். டிக்கெட் காசும் அவர்களுக்கு, மைதானத்துக்கு வருகிற வண்டிக் காசும் அவர்களுக்கு. தொழில் தெரிந்தவர்கள், சந்தேகமில்லை.

ஆனால் கூட்டம் போதவில்லை என்ற மனக்குறை அவர்களுக்கு நெடுநாளாக இருந்தது. ஞாயிற்றுக்கிழமை ஆட்டத்துக்கு அப்போது கிளீவ்லாந்தில் தடை. வாரத்தில் ஆறு நாள் உழைக்கும் ஆலைத் தொழிலாளிக்கு ஞாயிறு ஒன்றுதானே ஓய்வு? அன்று ஆட்டம் இல்லையென்றால் அவர் எப்போது வருவார்? 1897இல் துணிந்து ஒரு ஞாயிறு ஆட்டம் நடத்தப் பார்த்தார்கள். போலீஸ் வந்து ஆட்டத்தை நிறுத்தி ஆட்டக்காரர்களைப் பிடித்துக்கொண்டு போனது. 1898இல் கூட்டம் மெலிந்தபோது சொந்த ஊரில் நடக்க வேண்டிய பல ஆட்டங்களை வெளியூருக்கு மாற்றினார்கள். அடுத்த ஆண்டு நடக்கப்போவதற்கு அது ஒரு முன்னோட்டம்.

இந்த நேரத்தில் மிசௌரி மாநிலத்தின் செயின்ட் லூயிஸ் அணி விலைக்கு வந்தது. அதன் சொந்தக்காரர் கிறிஸ் வான் டெர் ஆஹே, பீர்க்கடை நடத்தி முன்னுக்கு வந்த ஜெர்மானியர். 1885 முதல் 1888 வரை தொடர்ந்து நான்கு ஆண்டுகள் அவர் அணி அமெரிக்கன் அசோசியேஷன் என்ற லீக்கின் சாம்பியனாக இருந்தது. பிறகு கடன், வழக்கு, 1898இல் மைதானத்தில் தீ, அதே ஆண்டில் 111 தோல்வி என்று எல்லாம் ஒன்றாகச் சேர்ந்து அவரை நொடித்துப்போட்டன. 1899 மார்ச்சில் அணி ஏலத்துக்கு வந்து, இடையில் கைமாறி, ராபிசன் சகோதரர்களிடம் போய்ச் சேர்ந்தது.

செயின்ட் லூயிஸ் பெரிய நகரம். ஞாயிறு ஆட்டத்துக்கு அங்கே தடையில்லை. சகோதரர்கள் கணக்குப் போட்டார்கள். கிளீவ்லாந்தின் நல்ல ஆட்டக்காரர்கள் எல்லாரும் செயின்ட் லூயிஸுக்குப் போனார்கள்: சை யங், பர்கெட், வாலஸ், பிட்சர் நிக் கப்பி, இரண்டாம் பேஸில் (பேஸ் என்பது ஓடுபவர் தொட வேண்டிய நான்கு மூலைகளில் ஒன்று) ஆடிய கியூபிட் சைல்ட்ஸ் போன்றவர்கள், மேனேஜர், அதாவது ஆட்டத்தில் அணியை வழிநடத்தும் பயிற்சியாளர், பாட்ஸி டெபோ உட்பட. செயின்ட் லூயிஸில் வேண்டாதவர்கள் கிளீவ்லாந்துக்கு வந்தார்கள். சீசன் தொடங்கச் சில வாரங்களே இருந்தன. செயின்ட் லூயிஸ் அணிக்குப் 'பெர்ஃபெக்டோஸ்' என்று புதுப் பெயரும் வந்தது.



    

ஒரே லீக்கில் ஒரே முதலாளி இரண்டு அணி வைத்துக்கொள்ளலாமா?

அப்போது வைத்துக்கொண்டார்கள். ராபிசன்கள் மட்டும் இல்லை. அதே ஆண்டு பால்டிமோர், புரூக்ளின் இரண்டு அணிகளின் பங்குகளும் ஒரே கூட்டத்தின் கையில் இருந்தன. பால்டிமோரின் மேனேஜர் நெட் ஹேன்லன் தன்னோடு வில்லி கீலர், ஹ்யூயி ஜென்னிங்ஸ், ஜோ கெல்லி ஆகியோரைக் கூட்டிக்கொண்டு புரூக்ளினுக்குப் போனார். அந்த வருட சாம்பியன் புரூக்ளின் என்பது இந்த இடத்தில்தான் விளங்குகிறது.

ஆனால் ஒரு வித்தியாசம் உண்டு. பால்டிமோரில் ஜான் மெக்ரா என்ற ஆட்டக்காரர் போகாமல் இருந்துகொண்டார். மிச்சம் இருந்தவர்களை வைத்து அவர் 86 ஆட்டங்கள் ஜெயித்து நான்காம் இடம் பிடித்தார். அங்கே ஓரளவு அணி மிச்சம் வைக்கப்பட்டது. கிளீவ்லாந்தில் அதுகூட இல்லை. கிளீவ்லாந்தைக் கவனித்துக்கொண்ட ஸ்டான்லி ராபிசன், அணியை ஒரு பக்கக் கடை போல நடத்தப்போவதாகவே பேசினார் என்று சொல்வார்கள். சொன்னாரோ இல்லையோ, நடத்தியது அப்படித்தான்.

பிற்காலத்தில் ஒருவரே ஒன்றுக்கு மேற்பட்ட அணியில் பங்கு வைப்பதை லீக் விதிகள் தடை செய்தன.

ஆட்டக்காரர்கள் 'நான் போகமாட்டேன்' என்று சொல்லியிருக்கலாமே?

சொல்ல வழியில்லை. அன்றைய ஒப்பந்தத்தில் 'ரிசர்வ்' விதி என்று ஒன்று உண்டு. ஒப்பந்தம் முடிந்தாலும் ஆட்டக்காரர் அதே அணிக்குக் கட்டுப்பட்டவர். முதலாளி வேறு இடத்துக்கு மாற்றினால் போக வேண்டும். மாற்றாவிட்டால் இருக்க வேண்டும். அதோடு, ஆண்டுச் சம்பளம் 2,400 டாலருக்கு மேல் கூடாது என்று உச்சவரம்பு வேறு. போட்டியாக இன்னொரு பெரிய லீக் இல்லாததால் பேரம் பேசவும் இடமில்லை. பிடிக்கவில்லையென்றால் மட்டையைக் கீழே வைத்துவிட்டு வேறு பிழைப்பைத் தேட வேண்டியதுதான்.

கிளீவ்லாந்தில் மிஞ்சியவர்கள் யார்?

மேனேஜராகவும் மூன்றாம் பேஸ் ஆட்டக்காரராகவும் லேவ் கிராஸ் வந்தார். நல்ல ஆட்டக்காரர். அவர் தலைமையில் 38 ஆட்டங்களில் 8 வெற்றி. மோசம்தான், ஆனால் பின்னால் வந்ததோடு ஒப்பிட்டால் அதுதான் அந்த அணியின் பொற்காலம். ஜூனில் முதலாளிகள் அவரையும் செயின்ட் லூயிஸுக்கு எடுத்துக்கொண்டார்கள். பிட்சர்களில் கொஞ்சம் தேறியவர் வில்லி சட்ஹாஃப், அவரும் போனார். இங்கே யாராவது கொஞ்சம் நன்றாக ஆடினால் அங்கே கூட்டிக்கொள்வார்கள். இதைப் படிக்கும்போது எனக்கு ஏற்படும் கோபம் நூறு வருடத்துக்கு மேல் ஆகியும் குறையவில்லை.

கிராஸுக்குப் பிறகு பொறுப்பு ஜோ க்வின் தலையில் விழுந்தது. ஆஸ்திரேலியாவில் பிறந்து சிறு வயதில் அமெரிக்கா வந்தவர். அமெரிக்காவின் முதல்தர பேஸ்பாலில் ஆடிய முதல் ஆஸ்திரேலியப் பிறப்பாளர் அவர்தான். அடுத்தவர் வர 1986 ஆயிற்று. ஆட்டம் இல்லாத காலத்தில் செயின்ட் லூயிஸில் சவ அடக்க ஏற்பாடுகள் செய்யும் தொழில் பார்த்தவர். இதை வைத்து அன்றிலிருந்து இன்றுவரை பலர் எளிதாக ஒரு நகைச்சுவை செய்துவிடுகிறார்கள். எனக்கு அவர் வேறு மாதிரித் தெரிகிறார். 116 ஆட்டங்களுக்கு மேனேஜராக இருந்து 12 ஜெயித்து 104 தோற்றார். அத்தனை நாளும் இரண்டாம் பேஸில் தானும் நின்று ஆடினார். அந்த அணியில் ஓரளவு நன்றாக பேட் செய்தவர்களிலும் அவர் ஒருவர். விட்டுவிட்டுப் போக எல்லாக் காரணமும் இருந்தும் சீசனின் கடைசி நாள் வரை நின்றார்.

ஊர்க்காரர்கள் ஏன் ஆதரவு தரவில்லை?

இந்தக் கேள்வியைக் கொஞ்சம் திருப்பிப் போட வேண்டும். ஊர்க்காரர்களுக்கு எதை ஆதரிக்க இருந்தது?

ஏப்ரல் 15, சீசனின் முதல் ஆட்டமே செயின்ட் லூயிஸில், பெர்ஃபெக்டோஸுக்கு எதிராக. அங்கே பந்து வீசியவர் சை யங். முந்தைய ஆண்டு வரை கிளீவ்லாந்துக்காக வீசியவர். முடிவு 10-1. கிளீவ்லாந்து ரசிகர் மறுநாள் பத்திரிகையைப் பிரித்தபோது, தன் அணி தன் அணியிடமே தோற்ற செய்தியைப் படித்தார். அப்புறம் யார் டிக்கெட் வாங்குவார்கள்?

சொந்த மண்ணில் முதல் 16 ஆட்டங்களுக்கு வந்தவர்கள் மொத்தம் 3,179 பேர். ஏறக்குறைய ஒன்பதாயிரம் பேர் உட்காரக்கூடிய மைதானத்தில் ஒரு ஆட்டத்துக்கு இருநூறு பேர்கூட இல்லை. சீசன் முழுக்கச் சேர்த்து 42 ஆட்டங்களுக்கு 6,088 பேர், சராசரி 145. செயின்ட் லூயிஸுக்கு அதே ஆண்டில் மூன்றரை லட்சம் பேருக்கு மேல் வந்தார்கள்.

மக்கள் வராததால் அணியைப் பிரித்தோம் என்பது முதலாளிகளின் வாதம். 1898இல் கூட்டம் குறைந்தது உண்மைதான், அதை நான் மறுக்கவில்லை. ஆனால் 1899இல் மக்கள் வராமல் இருந்தது சோம்பலால் இல்லை. அவர்களிடம் இருந்த ஒரே வாக்குச்சீட்டு டிக்கெட்தான். அதை வாங்காமல் தங்கள் எதிர்ப்பைச் சொன்னார்கள்.

42 ஆட்டங்கள்தான் சொந்த ஊரில் என்றால் மீதி 112 எப்படி வெளியூருக்குப் போனது?

பன்னிரண்டு அணி லீக்கில் ஒவ்வோர் அணியும் மற்ற பதினோரு அணிகளோடு 14 முறை ஆட வேண்டும்: 7 இங்கே, 7 அங்கே. அப்படியானால் 77 ஆட்டங்கள் கிளீவ்லாந்தில் நடந்திருக்க வேண்டும்.

அன்று வெளியூர் அணிக்கும் டிக்கெட் வசூலில் பங்கு உண்டு. அந்தப் பங்கில்தான் ரயில் கட்டணம், ஓட்டல் வாடகை எல்லாம் அடங்க வேண்டும். பாஸ்டனிலிருந்தோ நியூயார்க்கிலிருந்தோ ஓர் அணி கிளீவ்லாந்துக்கு ரயில் ஏறி வந்து நூற்றைம்பது பேர் முன்னால் ஆடினால், கிடைக்கிற பங்கு ஓட்டல் வாடகைக்கே போதாது. மற்ற அணிகள் வரமாட்டோம் என்றன. முதலாளிகளுக்கும் அது வசதியாகவே இருந்தது. கோடையிலிருந்து ஆட்டங்கள் ஒவ்வொன்றாக வெளியூருக்கு மாற்றப்பட்டன. கடைசி 93 ஆட்டங்களில் 85 வெளியூரில்.

பத்திரிகைகள் அணியின் பெயரையே மாற்றி எழுதத் தொடங்கின: 'நாடுகடத்தப்பட்டவர்கள்', 'அலைந்து திரிபவர்கள்' என்றெல்லாம். நாள்கணக்கில் ரயில், ஓட்டல், மைதானம், மறுபடியும் ரயில். அந்தக் காலத்துக் கோடையில், கம்பளிச் சீருடையில். எந்த ஊருக்குப் போனாலும் எதிரணி ரசிகர்களின் கூச்சல்தான். தங்களுக்காகக் கை தட்ட ஓர் ஆள்கூட இல்லை. சொந்த ஊரில் 9 வெற்றி, 33 தோல்வி. வெளியூரில் 11 வெற்றி, 101 தோல்வி. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அந்தக் காலி மைதானத்தில்கூட ஐந்தில் ஒன்றுக்கு மேல் ஜெயித்தவர்கள், வெளியூரில் பத்தில் ஒன்றுக்கு இறங்கிவிட்டார்கள்.

தொடர்ச்சியாக அதிகபட்சம் எத்தனை தோல்வி?

24. ஆகஸ்ட் 26 முதல் செப்டம்பர் 16 வரை. செப்டம்பர் 18 அன்று வாஷிங்டனை ஒருமுறை ஜெயித்தார்கள். அதன் பிறகு சீசன் முடியும்வரை 16 தோல்வி. அதாவது கடைசி 41 ஆட்டங்களில் ஒரே ஒரு வெற்றி.

தொடர்ந்து ஜெயித்தது அதிகபட்சம் இரண்டு ஆட்டம். மே மாதத்தில் ஒரே ஒருமுறை.

பிட்சர்கள் எப்படிச் சமாளித்தார்கள்?

பேஸ்பாலில் ஒவ்வோர் ஆட்டத்தின் வெற்றியும் தோல்வியும் ஒரு பிட்சரின் பெயரில் எழுதப்படும். அதனால் இந்த அணியின் சுமை முழுக்க ஐந்தாறு பேரின் பெயருக்குப் பக்கத்தில் இன்றும் நிற்கிறது. ஜிம் ஹ்யூயி: 4 வெற்றி, 30 தோல்வி. சார்லி நெப்பர்: 4 வெற்றி, 22 தோல்வி. ஃபிராங்க் பேட்ஸ்: 1 வெற்றி, 18 தோல்வி. ஃபிரெட் ஷ்மிட்: 2 வெற்றி, 17 தோல்வி. ஹாரி காலிஃப்ளவர்: 1 வெற்றி, 11 தோல்வி. நான்கு வெற்றிக்கு மேல் யாருக்குமே இல்லை.

ஹ்யூயிக்குப் பிறகு எந்தப் பிட்சரும் ஒரு சீசனில் 30 தோற்றதில்லை. இதை அவமானமாக எழுதுவார்கள். ஆனால் 30 தோற்க வேண்டுமென்றால் அத்தனை முறை பந்தை அவர் கையில் கொடுத்திருக்க வேண்டும். அணியில் நம்பிப் பந்தைக் கொடுக்கக்கூடியவர் அவர்தான் என்பதால்தான் கொடுத்தார்கள்.

லூயி சாக்கலெக்சிஸ் இந்த அணியில் இருந்தாரா?

இருந்தார், சில நாள். மெய்ன் மாநிலத்தின் பெனோப்ஸ்காட் பழங்குடியைச் சேர்ந்தவர். 1897இல் கிளீவ்லாந்துக்கு வந்து முதல் சீசனிலேயே .338 அடித்தார். போகிற ஊரிலெல்லாம் அவர் பிறப்பைச் சொல்லிக் கூச்சல் போட்ட கூட்டத்தின் நடுவில் எடுத்த சராசரி அது. அந்தக் கோடையிலேயே காலில் அடிபட்டது, குடியும் சேர்ந்துகொண்டது. 1899இல் ஏழு ஆட்டங்கள் ஆடிய பிறகு அணி அவரை விடுவித்தது.

ஆட்டக்காரர்கள் வேண்டுமென்றே தோற்றார்களா?

இல்லை. சூதாட்டமோ காசு வாங்கித் தோற்றதோ இங்கே பேச்சே இல்லை. முதலாளிகள் ஜெயிக்க நினைக்கவில்லை. மைதானத்தில் நின்றவர்கள் ஜெயிக்கத்தான் ஆடினார்கள். இந்த இரண்டையும் கலந்துவிடக் கூடாது. அணி மொத்தமாக .253 சராசரி அடித்திருக்கிறது. அந்தக் காலத்துக்குக் குறைவுதான், ஆனால் மட்டையைத் தூக்கத் தெரியாதவர்களின் எண் அல்ல.

கடைசி ஆட்டத்தில் ஒரு சுருட்டுக் கடைப் பையன் பந்து வீசினார் என்பது கதையா, நிஜமா?

நிஜம். 1899 அக்டோபர் 15, சின்சினாட்டி நகரம். ஒரே நாளில் இரண்டு ஆட்டம். முதல் ஆட்டத்தில் 16-1 என்று தோற்றார்கள். இரண்டாவது ஆட்டத்துக்குப் பந்து வீச எடி கோல்ப் என்ற இளைஞரை இறக்கினார்கள். அவர் அந்த ஊர் ஓட்டல் ஒன்றில் சுருட்டு விற்கும் இடத்தில் வேலை பார்த்தவர். உள்ளூரில் பந்து வீசிப் பழக்கம் உள்ளவர். 19-3 என்று தோல்வி. பெரிய லீக்கில் அவர் ஆடிய ஒரே ஆட்டம் அதுதான். ஒரு பெட்டி சுருட்டு கொடுத்து இந்த வாய்ப்பை வாங்கினார் என்றும் ஒரு கதை உண்டு. அந்தப் பகுதியைக் கதை என்றே வைத்துக்கொள்ளலாம்.

சீசன் முடிந்ததும் ஆட்டக்காரர்கள் காசு சேர்த்து, அணியோடு ஊர் ஊராக வந்த செயலாளர் ஜார்ஜ் முயருக்கு வைரம் பதித்த லாக்கெட் ஒன்று பரிசளித்தார்கள் என்று ஒரு செய்தி சொல்லப்படுவதுண்டு. எங்கள் எல்லா ஆட்டத்தையும் உட்கார்ந்து பார்த்த ஒரே மனிதர் அவர்தான் என்பது அவர்கள் சொன்ன காரணமாம்.

இவ்வளவு செய்ததில் ராபிசன்கள் சாதித்தது என்ன?

இரண்டு அணியின் நல்ல ஆட்டக்காரர்களையும் ஒன்றாகச் சேர்த்து உருவாக்கிய பெர்ஃபெக்டோஸ் 84 ஆட்டங்கள் ஜெயித்து ஐந்தாம் இடம் பிடித்தது. ஐந்தாம் இடம்தான். முந்தைய ஆண்டு கிளீவ்லாந்து, தன் சொந்த ஆட்டக்காரர்களோடு சொந்தப் பெயரில் பிடித்ததும் அதே ஐந்தாம் இடம்.

கூட்டம் வந்தது, வருமானம் வந்தது என்பது சரி. 1900இலிருந்து அந்த அணிக்குக் 'கார்டினல்ஸ்' என்ற பெயர் நிலைத்தது; இன்றைய செயின்ட் லூயிஸ் கார்டினல்ஸ் அதுதான். ஃபிராங்க் 1908இலும் ஸ்டான்லி 1911இலும் இறந்த பிறகு, ஃபிராங்கின் மகள் ஹெலன் பிரிட்டன் கைக்கு அணி வந்தது. பெரிய லீக் அணி ஒன்றுக்குச் சொந்தக்காரரான முதல் பெண் அவர். சை யங் மட்டும் செயின்ட் லூயிஸில் இரண்டு ஆண்டுகளுக்கு மேல் நிற்கவில்லை. 1901இல் புதிய அமெரிக்கன் லீக்கின் பாஸ்டன் அணிக்குப் போய்விட்டார்.

கிளீவ்லாந்துக்கு என்ன ஆயிற்று?

1900 தொடக்கத்தில் நேஷனல் லீக் பன்னிரண்டு அணிகளை எட்டாகக் குறைத்தது. கிளீவ்லாந்து, பால்டிமோர், வாஷிங்டன், லூயிவில் நான்கும் நீக்கப்பட்டன. ஸ்பைடர்ஸ் கதை அதோடு முடிந்தது.

ஆனால் லீக் விட்டுப்போன காலி இடத்தை ஒருவர் கவனித்துக்கொண்டிருந்தார். பான் ஜான்சன் நடத்திய வெஸ்டர்ன் லீக் 1900இல் அமெரிக்கன் லீக் என்று பெயர் மாற்றிக்கொண்டு, கிளீவ்லாந்தில் ஓர் அணியை இறக்கியது. அடுத்த ஆண்டு நேஷனல் லீக்குக்குச் சமமான பெரிய லீக் என்று தன்னை அறிவித்தது. அந்த அணிதான் இன்றைய கிளீவ்லாந்து கார்டியன்ஸ். 1899இல் வராத கூட்டம் அதே லீக் பார்க்குக்குத் திரும்பி வந்தது. ஊரில் ரசிகர் இல்லை என்ற வாதத்துக்கு இதைவிட வேறு பதில் வேண்டியதில்லை.

இந்தச் சாதனையை யாராவது முறியடிக்க முடியுமா?

2024இல் சிகாகோ வைட் சாக்ஸ் 121 ஆட்டங்கள் தோற்றபோது பலர் ஸ்பைடர்ஸை நினைத்துக்கொண்டார்கள். 1962இல் நியூயார்க் மெட்ஸ் தோற்றது 120. ஆனால் இரண்டு அணிகளும் ஆடியது 160க்குக் குறையாத ஆட்டங்கள். வைட் சாக்ஸ் 41 ஜெயித்தது. ஸ்பைடர்ஸ் விகிதத்தில் 162 ஆட்டம் ஆடினால் 21தான் ஜெயிக்க முடியும். 134ஐ யாராவது என்றாவது எட்டலாம். சாத்தியமே இல்லை என்று சொல்ல முடியாது.

வெளியூரில் 101 தோல்வி என்பதை மட்டும் யாராலும் எட்ட முடியாது. இன்று ஓர் அணிக்கு வெளியூரில் 81 ஆட்டங்கள்தான்.

அவர்கள் ஆடிய இடத்தை இன்று பார்க்க முடியுமா?

முடியும். கிளீவ்லாந்தில் லெக்சிங்டன் அவென்யூவும் கிழக்கு 66ஆம் தெருவும் சந்திக்கும் இடம். ஸ்பைடர்ஸ் ஆடிய மர மைதானம் 1910இல் கான்கிரீட்டாக மாற்றிக் கட்டப்பட்டது. 1920இல் கிளீவ்லாந்து, பேஸ்பாலின் இறுதிச் சாம்பியன் போட்டியான உலகத் தொடரை வென்றதும் இங்கேதான். பிறகு அந்தக் கட்டடமும் பெரும்பாலும் இடிக்கப்பட்டு, பழைய டிக்கெட் அலுவலகமும் சுவரின் ஒரு பகுதியும் மிஞ்சின. 2014இல் அதைச் சீர்செய்து பொதுப் பூங்காவாகத் திறந்தார்கள். ஆடுகளம் பழைய இடத்திலேயே இருக்கிறது. இப்போது அங்கே பக்கத்துத் தெருப் பிள்ளைகள் ஆடுகிறார்கள்.